கோத்தகிரி குளிரில் ஒரு பழைய 10/22: குரூப்பைச் சுருக்க எதிலிருந்து ஆரம்பிப்பது?

கட்டபெட்டுக்காரன்

வணக்கம். அப்பாவின் ரூகர் 10/22 (.22 தோட்டாவைத் தானே அடுத்தடுத்து ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ ரைஃபிள்) இப்போது முறைப்படி என் லைசென்ஸில் ஏறியிருக்கிறது. பழைய கார்பைன் (குட்டைப் பேரல்) மாடல், பேரல் படுத்திருக்கும் மரக் கட்டை, முனைப் பக்கம் பேரலையும் கட்டையையும் சேர்த்துக் கவ்வும் வளையம், மேலே ஒரு நாலு மடங்கு ஸ்கோப். அந்த ஸ்கோப் எந்த ரைஃபிளிலிருந்து கழற்றி மாட்டியதோ, அப்பாவுக்குத்தான் வெளிச்சம். வேட்டை கீட்டை எதுவும் கிடையாது. கோவையில் ஒரு ரேஞ்சில் மெம்பர், ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் மலை இறங்கிப் போய் 50 மீட்டரில் பேப்பரைச் சுட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவேன்.

சிக்கல் இதுதான்: குரூப் (பேப்பரில் ஓட்டைகள் விழும் கொத்து) அடங்க மாட்டேன் என்கிறது. மேசையில் மணல் மூட்டை வைத்து நிதானமாகச் சுட்டாலும் பத்துத் தோட்டாவில் ஏழெட்டு ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிறது, மீதி இரண்டு மூன்று தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் பெரும்பாலும் மேலே அல்லது கீழே. பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. வீடியோக்களைப் பார்த்தால் பேரல் மாற்று, ட்ரிகர் மாற்று, கட்டையை மாற்று என்கிறார்கள், கடைசியில் அவர்கள் கையில் இருப்பதில் பழைய ரைஃபிளின் பாகம் என்று மிச்சம் இருப்பது ரிசீவர் (போல்ட் ஓடும் நடுக்கூடு) மட்டும்தான். என் பட்ஜெட் அப்படி இல்லை. எதில் முதலில் கை வைப்பது?

பேரல் பித்தன்

நண்பரே, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பேரல். 10/22 1964-இல் வந்தபோதே அதன் பேரல் ரிசீவருக்குள் சொருகி, கீழே ஒரு வி-பிளாக் (பேரலை ரிசீவரோடு இழுத்துப் பிடிக்கும் உலோகத் துண்டு), இரண்டு திருகு, அவ்வளவுதான் என்று அமைத்துவிட்டார்கள். பெரும்பாலான ரைஃபிள்களில் மரை வெட்டி இறுக்கியிருப்பார்கள், இதில் ஆலன் சாவி போதும். கம்பெனி பேரலில் தோட்டா அறை கொஞ்சம் தாராளமாக இருக்கும், எந்தத் தோட்டா போட்டாலும் சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. 0.920 அங்குலத் தடிமனில், பென்ட்ஸ் என்ற இறுக்கமான அறை வெட்டிய கனமான பேரல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் இந்த இழையைத் திறக்கவே மாட்டீர்கள்.

நெறியாளர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பேரல் என்பது நம் ஊரில் கடையில் கேட்டு வாங்கும் ஸ்பேர் பார்ட் அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் வரையறைக்குள்ளேயே அதன் பாகங்களும் வந்துவிடுகின்றன. இறக்குமதிக்குத் தனி லைசென்ஸ், மாற்றுவதும் பழுது பார்ப்பதும் 5-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை, பேரலைக் குட்டையாக்குவதற்கு 6-ஆம் பிரிவு தனியாக நிற்கிறது. ஆகவே இந்த இழையில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம்: திருகு இறுக்குவது, கட்டையைக் கழற்றித் துடைப்பது, ஸ்கோப் மாட்டுவது, தோட்டா தேர்வு ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உலோகத்தில் அரம் படும் எதுவும் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் போக வேண்டும், இங்கே செய்முறை எழுதக்கூடாது.

இன்னொன்று, நீலகிரிக்காரர்களும் கொடைக்கானல்காரர்களும் மறந்துவிடுவது. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். துப்பாக்கி கை மாறியிருந்தால் அந்தப் பதிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று தேயிலைத் தோட்டத்தில் சுடும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை இங்கே எழுத வேண்டாம்.

வெலிங்டன் ஆர்மரர்

தம்பி கட்டபெட்டு, நான் ஓய்வு பெற்ற ஆர்மரர் (பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்), இப்போது குன்னூரில் இருக்கிறேன். பேரலை விடு. நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: மேலே கீழே போகிறது, பக்கத்தில் போகவில்லை. இதற்கு இரண்டு பெரிய காரணம் உண்டு. ஒன்று தோட்டாவின் வேகம் ஒன்றுக்கொன்று மாறுவது, இன்னொன்று பேரலைக் கட்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அழுத்துவது.

முதலாவதுக்குக் கணக்கு சொல்கிறேன். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகத்) தோட்டா விநாடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, 50 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும், அதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விழுந்துவிடும். வேகம் நூற்றுக்கு மூன்று குறைந்தால் வீழ்ச்சி நூற்றுக்கு ஆறு கூடும், அதாவது பேப்பரில் 7, 8 மி.மீ. கீழே. விலை குறைந்த தோட்டாவில் பத்து மீட்டர் வேக வித்தியாசம் சாதாரணமாகவே வரும். உன் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., அதில் கால் பங்குக்கு மேல் தோட்டாவே தின்றுவிடுகிறது. இதைப் பேரல் மாற்றினால் தீர்க்க முடியுமா, சொல்.

இரண்டாவது, அந்த வளையம். கட்டையின் மூக்கையும் பேரலையும் சேர்த்துக் கட்டிவிட்டால் கட்டை ஈரம் குடித்து அசையும்போதெல்லாம் பேரலையும் கூடவே தள்ளும். நம் மலையில் மரம் சும்மா இருக்காது. வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு குரூப், மாட்டிவிட்டு ஒரு குரூப், ஒரே நாள், ஒரே தோட்டா. எது நன்றாக இருக்கிறதோ அப்படியே விடு.

அப்புறம் ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருப்பது முன்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு திருகு. பின்பக்கம் பிடிமானம் கிடையாது. அந்த ஒன்று தளர்ந்தால் ரிசீவர் ஒவ்வொரு வெடிக்கும் வெவ்வேறு இடத்தில் உட்காரும். மேகஸினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு அதைச் சரிபார். டார்க் டிரைவர் (இறுக்கும் பலத்தை அளந்து திருகும் ஸ்க்ரூடிரைவர்) இருந்தால் 15-லிருந்து 20 இன்ச்-பவுண்டுக்குள் ஒரு அளவு வைத்துக்கொள், ஒவ்வொரு முறையும் அதே அளவு. இல்லையென்றால் சின்ன ஸ்க்ரூடிரைவரை இரண்டு விரலில் பிடித்து நிற்கும்வரை திருகி இன்னும் ஒரு துளி தள்ளு, திருகிலும் உலோகத்திலும் சேர்த்து வீட்டு அம்மாவிடம் கேட்டு நெயில் பாலிஷில் ஒரு கோடு போடு. அடுத்த தடவை கோடு விலகியிருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓங்கி இறுக்காதே, ரிசீவர் அலுமினியம்.

சந்தேகப் பேர்வழி

எல்லாம் சரி, சுடுகிறவரை யாரும் கேட்கவே இல்லையே? மூட்டை பேரலுக்கு அடியில் இருக்கிறதா, கட்டைக்கு அடியிலா? கன்னம் ஒரே இடத்தில் படிகிறதா? அந்த நாலு மடங்கு ஸ்கோப் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் ஊசி குத்தும்) ரைஃபிளுடையதாக இருந்தால் அதன் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறுக்குக் கம்பி டார்கெட்டில் நகராத தூரம்) 100 கஜத்துக்கு வைத்திருப்பார்கள், .22 மாதிரி விளிம்பில் குத்தும் ரிம்ஃபயர் ஸ்கோப்பில்தான் 50 கஜம். 50 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தினாலே குறுக்குக் கம்பி டார்கெட் மேல் நகரும். ரைஃபிளை மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தொடாமல், தலையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கம்பி நகர்ந்தால் உங்கள் இரண்டு மூன்று ஓடிப்போனவற்றில் ஒன்றையாவது அங்கேயே பிடித்துவிடலாம்.

கட்டபெட்டுக்காரன்

ஐயா, சார், இருவருக்கும் நன்றி. சார் சொன்னபடி வீட்டிலேயே தலையை ஆட்டிப் பார்த்தேன், எதிர் வீட்டு ஓட்டு நுனியில் கம்பி நன்றாகவே நடக்கிறது (ரைஃபிளில் இல்லை, ஸ்கோப்பைத் தனியாகக் கழற்றி ஜன்னலில் புத்தகங்களுக்கு நடுவே வைத்து. நெறியாளர் பதற வேண்டாம்). தோட்டா பற்றி: டீலரிடம் என்ன இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்வேன், பெட்டியில் ஹை வெலாசிட்டி என்று போட்டிருக்கும். வேகம் அதிகம் என்றால் நேராகப் போகும் என்றுதானே நினைப்போம்?

கொடை 50 மீட்டர்

அண்ணா, அங்கேதான் பலரும் இடறுவார்கள். நான் சுடுவது ஒற்றைத் தோட்டா ஏற்றும் ஆன்ஷுட்ஸ் போட்டி ரைஃபிள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) நடத்தும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் செமி ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது, கையால் ஒவ்வொன்றாக ஏற்றும் ரைஃபிள்தான். அந்த டார்கெட்டில் பத்து என்ற வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதை அடிக்க வேண்டியவர்கள் ஒருவர்கூட ஹை வெலாசிட்டி போட மாட்டோம்.

காரணம் ஒலியின் வேகம். ஹை வெலாசிட்டி தோட்டா சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 50 மீட்டர் வாக்கிலோ அதற்கு முன்போ ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும், இறங்கும் அந்த இடத்தில் குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்ட் ஆரம்பத்திலிருந்தே கீழே இருக்கிறது, தடுமாற வேண்டிய இடமே வராது. இன்னொரு ஆச்சரியம், .22-இல் குறுக்குக் காற்றுக்கு அதிகம் ஒதுங்குவது வேகமான தோட்டாதான், ஏனென்றால் ஒலி வேகத்தைத் தாண்டியதும் காற்றின் இழுவை ஒரேயடியாகக் கூடிவிடும்.

செமி ஆட்டோவில் ஒரு நிபந்தனை: போல்ட்டைப் பின்னால் தள்ளும் அளவுக்குத் தோட்டாவில் பலம் வேண்டும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி பெரும்பாலும் 10/22-ஐ ஓட்டிவிடும். அதற்கும் கீழே சப்சானிக் என்று தனியாக வருவதில் சிலது ஓடாது, வெற்றுக் கூடு பாதியில் நிற்கும்.

ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஈயத்தின் மேல் பூசியிருக்கும் மெழுகு ஒவ்வொன்றிலும் வேறு, பேரல் புது மெழுகுக்குப் பழக வேண்டும். ஈலி (Eley), எஸ்கே, லாப்புவா என்று கம்பெனிப் பெயரைப் பார்ப்பதைவிடப் பெட்டியில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு லாட் இரண்டு விதமாகச் சுடும். உங்கள் பேரலுக்குப் பிடித்த லாட் கிடைத்தால் லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு அதையே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்காரர் ஒரு மத்தியானத்தில் முந்நூறு நானூறு சுட்டு லாட் தேர்வு செய்வார், நமக்கு லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்தான் எல்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பேரல் பித்தன்

மேடம் சொல்வது ஆன்ஷுட்ஸுக்குச் சரி. தாராளமான அறையில் எவ்வளவு நல்ல தோட்டா போட்டாலும் குண்டு சாய்ந்துதான் பேரலின் உள்வரியில் ஏறும். என் கருத்தில் மாற்றமில்லை. ஐந்து தோட்டா குரூப்பில் எங்கள் வட்டத்தில் கனமான பேரல் போட்டவர்கள் எல்லோரும்

சந்தேகப் பேர்வழி

ஐந்து தோட்டா குரூப்பா? அதிலேயே எனக்குப் பிரச்சினை. ஐந்தில் நல்லதாக ஒன்று வந்தால் படம் எடுத்துப் போடுவார்கள், மோசமானதைக் கிழித்துப் போடுவார்கள். இவருக்குப் பத்தில் இரண்டுதான் ஓடுகிறது. ஐந்து ஐந்தாகச் சுட்டால் சில குரூப்பில் ஒன்றும் ஓடாது, "ஆஹா, சரியாகிவிட்டது" என்று சொல்லி அடுத்த பாகத்துக்கு ஆர்டர் போட்டுவிடுவார். பத்துப் பத்தாகச் சுட்டு, எல்லாப் பேப்பரையும் தேதி, தோட்டா, லாட், வெயிலா மேகமா என்று எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ரைஃபிளின் உண்மையான அளவு தெரியும்.

பேரல் பித்தன்

முழுதாக எழுதும் முன்பே பதில் வந்துவிட்டது. பத்துக்கே வருகிறேன், பத்திலும் கனமான பேரல்தான் ஜெயிக்கும். ஆனால் அவருக்கு அது கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நெறியாளர் சொன்னதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

வெலிங்டன் ஆர்மரர்

பித்தன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அறை தாராளம்தான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது, தோட்டா அறைக்குள் போகும் வழியிலேயே காயப்படுகிறதா என்பது. ரேஞ்சில், முனை டார்கெட் பக்கம் பார்த்தபடி, மேகஸினிலிருந்து ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுச் சுடாமல் போல்ட்டை இழுத்து வெளியே எடுத்துப் பார். ஈயம் மெத்தென்று இருக்கும், நகம் பட்டாலே கோடு விழும். குண்டின் ஒரு பக்கம் மட்டும் மெழுகு வழிக்கப்பட்டுப் பளபளவென்று தட்டையாக இருந்தால் அறையின் வாயிலோ மேகஸினின் உதட்டிலோ உரசுகிறது. ஒவ்வொரு மேகஸினிலும் இப்படிப் பார். சுழல் மேகஸின் இரண்டு மூன்று வைத்திருந்தால் அடியில் எண் போட்டுவிடு. ஒரு மேகஸினிலிருந்து வருவது மட்டும் ஓடுகிறது என்று கண்டுபிடித்தால் அதைவிடச் சல்லிசான அப்கிரேடு கிடையாது.

பேரல் முனையையும் பார்த்துவிடு. காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழலின் வாய்க்குள் கொஞ்சம் விட்டு விளிம்பைத் தொட்டபடி மெதுவாகச் சுற்றி வெளியே இழு. பஞ்சு நூல் எந்த இடத்திலாவது மாட்டினால் அங்கே விளிம்பில் பிசிர். குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் அது, அங்கே வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு பீறிட்டால் குண்டு ஆடிக்கொண்டேதான் போகும். இந்த மாடலில் ரிசீவரின் பின்பக்கம் அடைப்பு, கம்பியை முனை வழியாகத்தான் விட வேண்டியிருக்கும். அப்பா காலத்து இரும்புக் கம்பியால் ஆண்டுக் கணக்கில் தேய்த்திருந்தால் விளிம்பு போயிருக்க வாய்ப்பு உண்டு. பிசிர் இருந்தால் கன்ஸ்மித் லேத்தில் சரி செய்து தருவார். நீ தொடாதே.

கம்பியை மூலையில் போட்டுவிட்டுப் புல்-த்ரூ கயிறு வாங்கு, அறைப் பக்கமிருந்து முனைப் பக்கம் இழு. துடைக்கும் துணியைப் பட்டாளத்தில் ‘சிந்தி’ என்போம், மெத்தென்ற ஃபிளானல் துண்டு போதும். .22 பேரலை ஓயாமல் துலக்க வேண்டியதில்லை, ஈயமும் மெழுகும் மெல்லப் படிந்த பிறகுதான் அது நிலைக்கு வரும். அறைக்கு முன்னால் கருப்பாக வளையம் போல் கரி இறுகும், அதை மட்டும் விடாதே.

கட்டபெட்டுக்காரன்

ஐயா, இரும்புக் கம்பிதான். மஞ்சள் துணியில் சுற்றி ரைஃபிளோடவே இருந்தது. பஞ்சுக் குச்சி எங்கும் மாட்டவில்லை, தப்பித்தேன். எண்ணெய் பற்றியும் ஒரு கேள்வி. கோவை ரேஞ்சில் ஒழுங்காக ஓடுவது, டிசம்பர் காலையில் வீட்டில் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் சோம்பேறித்தனமாக நகர்கிறது. அப்பா எதைப் போடுவார் என்று அம்மாவைக் கேட்டால் தேங்காய் எண்ணெய் என்கிறார்!

கூடலூர் மழை

தேங்காய் எண்ணெய்! கோத்தகிரியில்! அது 24 டிகிரியிலேயே உறைந்துபோகும், உங்கள் வீட்டில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுமா? போல்ட்டுக்குள் இருப்பதும் அதே கதிதான். முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு மெல்லிய துப்பாக்கி எண்ணெய், கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டுத் தடவும் அளவு மட்டும். போல்ட் ஒரே சீராக மூடவில்லை என்றால் ஒவ்வொரு தோட்டாவும் அறையில் ஒவ்வொரு ஆழத்தில் உட்காரும், அதுவும் குரூப்பில் தெரியும்.

ஈரம் பற்றி எனக்கு அனுபவம் உண்டு, எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் சுவரே வியர்க்கும். உங்கள் பக்கம் கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி கார்த்திகையில்தான் பெரிய மழை, ஆனாலும் கதை ஒன்றுதான். தோல் உறையிலோ துணி உறையிலோ ரைஃபிளைத் தூங்க வைக்காதீர்கள், உறை ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் ஒட்ட வைத்துக்கொண்டு கிடக்கும். பூட்டிய இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போட வேண்டும். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்க வேண்டி வந்தால் அதற்கு முன்தினம் உள்ளும் புறமும் எண்ணெய் ஏற்றிவிட்டு ஒப்படையுங்கள், மாதக்கணக்கில் யாரும் துடைக்க மாட்டார்கள், திரும்ப வாங்கியதும் பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

மலை இறங்கும்போது இன்னொன்று. குளிர்ந்த ரைஃபிளை மேட்டுப்பாளையம் தாண்டிப் பெட்டியிலிருந்து உடனே எடுத்தால் லென்ஸ் மூடுபனி போல் மறைக்கும், உலோகமெல்லாம் நீர் கோக்கும். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள், ஒரு காபி குடித்து வாருங்கள்.

கட்டையின் வெளிப்பக்கம் எல்லோரும் பாலிஷ் போடுவார்கள், பேரல் படுக்கும் உள்பள்ளம் பெரும்பாலும் வெறும் மரமாகவே இருக்கும். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். லின்சீட் எண்ணெய் தடவினால் மெதுவாக்கும், நிறுத்தாது. உள்ளே பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட் அடித்தால்தான் அடங்கும்.

கொடை 50 மீட்டர்

குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. கோவை வெயிலில் 35 டிகிரியில் சுமார் 352 மீட்டர், நம் மலையில் 5 டிகிரி காலையில் 334 சொச்சம். ஸ்டாண்டர்ட் தோட்டாவின் சராசரி 326 என்றால் கோவையில் எட்டாத தூரம், இங்கே கூட்டத்தில் கொஞ்சம் வேகமான தோட்டா எல்லையைத் தொட்டுவிடும். குளிரில் மருந்தும் கொஞ்சம் மந்தமாக எரியும் என்பதால் ஓரளவு ஈடு கட்டும், இருந்தாலும் அந்த வேளையில் குரூப் விரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கோவையில்தான் சுடுகிறீர்கள் என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை குறைவு.

புது மெம்பர் பழனி

உயரத்தால் மாறாதா? ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் என்கிறார்களே, காற்று லேசாக இருக்குமே?

வெலிங்டன் ஆர்மரர்

மாறும், ஆனால் 50 மீட்டரில் ஓரிரு மி.மீ. பேச்சு. 100, 150-க்குப் போனால் பார்க்கலாம். இந்த இழையில் அதற்கு வேலை இல்லை.

கட்டபெட்டுக்காரன்

ட்ரிகர் பற்றி யாரும் சொல்லவில்லை. கனமாகத்தான் இருக்கிறது, இழுத்துக்கொண்டே போக வேண்டும், எப்போது விடும் என்று தெரியாது. வீடியோவில் ஒருவர் உள்ளே இருக்கும் கொக்கியை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தால் லேசாகிவிடும் என்கிறார்.

நெறியாளர்

வேண்டாம். கொக்கி வழுக்க ஆரம்பித்தால் ஒரு இழுப்புக்கு இரண்டு வெடிக்கும். பக்கத்து லேனில் இருப்பவருக்கு ஆபத்து, அது போக விசையை விடும்வரை தொடர்ந்து சுடும்படி ஆகிவிட்டால் ரைஃபிள் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்ற வகைக்குப் போய்விடும். 7-ஆம் பிரிவு. இதற்கு மேல் இந்தப் பேச்சு தொடர்ந்தால் அந்தப் பதிவுகளை நீக்கிவிடுவேன்.

வெலிங்டன் ஆர்மரர்

தம்பி, கம்பெனி ட்ரிகர் ஐந்து ஆறு பவுண்டு வரும். உன் கார்பைனின் மொத்த எடையே ஐந்து பவுண்டு. ரைஃபிள் எடைக்கு இணையான பலத்தை ஒரு விரலில் கொடுத்தால் ரைஃபிள் அசையாமல் என்ன செய்யும்? அதனால்தான் எல்லோரும் ட்ரிகர் மேல் பாய்கிறார்கள், அதில் தப்பில்லை. கன்ஸ்மித்திடம் காட்டு, அழுக்கு, துரு, உறைந்த உன் தேங்காய் எண்ணெய், இவற்றைச் சுத்தம் செய்தாலே இழுப்பு ஒரே சீராகும். சீராக இருந்தால் கனம் பழகிவிடும்.

மீதி உன் விரல். இந்த மாடலில் ஊசி அறை விளிம்பைத் தொடாமல் நிற்க ஏற்பாடு இருப்பதால் வெற்றாக இழுத்துப் பழகலாம், மற்ற பழைய .22-களில் அப்படிச் செய்யாதே, ஊசி விளிம்பைக் குத்திக் குத்திப் பள்ளம் போடும். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும், சுவரில் ஒரு புள்ளி, குறுக்குக் கம்பி நகராமல் விசை விடுபட வேண்டும். தோட்டாச் செலவு இல்லை, மலை இறங்க வேண்டியதில்லை.

சந்தேகப் பேர்வழி

இந்த ஒரு பதிவை எல்லா இழைகளின் தலையிலும் ஒட்டி வைக்கலாம்.

கட்டபெட்டுக்காரன்

போய்ச் சுட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். முதலில் பழைய ஹை வெலாசிட்டியிலேயே வளையத்தோடு பத்து, வளையம் இல்லாமல் பத்து. கழற்றியதும் மேலே கீழே ஓடியது குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. அப்புறம் திருகைச் சரி செய்து (முன்பு அது விரலாலேயே திரும்பும் நிலையில் இருந்தது) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு மாறினேன். ரேஞ்சில் ஒருவர் சொல்லி, ஒரே லாட்டில் இரண்டு பெட்டி டீலரிடம் கிடைத்தது. ஆரம்பத்தில் சிலதைக் கணக்கில் எடுக்காமல் சுட்டால் பத்துமே நாணயத்துக்குள், அல்லது ஒன்று மட்டும் விளிம்பைக் கடித்துக்கொண்டு. ஒன்றும் சிக்காமல் ஓடியது. தோட்டாவை ஏற்றி எடுத்தும் பார்த்தேன், மூன்றாவது மேகஸினில் மட்டும் குண்டின் தோளில் பளபளப்பான கீறல். அதை ஒதுக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. காலையில் வந்து சுட்ட குரூப்புக்கும் மத்தியானம் சுட்டதற்கும் அளவு ஒன்றுதான், ஆனால் மொத்தமாக ஒரு விரல் தடிமன் இடது பக்கம் கீழே நகர்ந்துவிட்டது. ஸ்கோப் திருகெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

கூடலூர் மழை

மரம்தான். ராத்திரி முழுக்கக் கோத்தகிரி ஈரத்தில் கிடந்துவிட்டுக் கோவை வெயிலில் நாலு மணி நேரம் காய்ந்தால் கட்டை நெளியாமல் என்ன செய்யும். வளையம் போனாலும் பேரலுக்கு அடியில் எங்கேயாவது தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு முனையிலிருந்து ரிசீவர் பக்கம் இழுத்துப் பாருங்கள், எங்கே நிற்கிறதோ அங்கே தொடுகிறது. காலையிலும் மத்தியானமும் இரண்டு முறை.

வெலிங்டன் ஆர்மரர்

தாள் தடுக்கும் இடத்தில் மரத்தை உடனே சுரண்டிவிடாதே. பேரல் அந்தரத்தில் தொங்க வேண்டும் என்பது பெரும்பாலான ரைஃபிள்களுக்குச் சட்டம், ஆனால் 10/22-இல் பேரல் வெறும் சொருகல்தான், முழுக்க விட்டால் சிலது நன்றாகச் சுடும், சிலது வி-பிளாக்கில் தொங்கி இன்னும் கெடும். ஒரு விசிட்டிங் கார்டை நாலாக மடித்துக் கட்டையின் மூக்கில் பேரலுக்கு அடியில் வைத்து ஒரு பத்து சுட்டுப் பார். கார்டோடு நன்றாக இருந்தால் உன் ரைஃபிளுக்கு மூக்கில் தாங்கல் வேண்டும், கார்டு இல்லாமல் நன்றாக இருந்தால் வேண்டாம். தெரிந்த பிறகு ரிசீவருக்கு அடியில் அரால்டைட் மாதிரி எப்பாக்ஸி வைத்துப் படுக்கை போடலாம், உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஷூ பாலிஷ் நன்றாகத் தடவிவிட்டு. திருகு துளைக்குள்ளும் தடவ மறந்தால் ரிசீவர் கட்டையோடு ஒன்றாகிவிடும், அப்புறம் என்னைக் கூப்பிடாதே.

ஆனால் இப்போது செய்யாதே. மரத்தில் மழை ஈரம் இருக்கும்போது அச்சு எடுத்தால் அது காய்ந்ததும் அளவு மாறும். தை பிறக்கட்டும், மாசி வெயிலில் கட்டையைக் கழற்றி நிழலில் காய விட்டு முதலில் எப்பாக்ஸி, அது இறுகிய பிறகு மிச்சப் பள்ளத்துக்கு வார்னிஷ்.

கட்டபெட்டுக்காரன்

சரி ஐயா, மாசி வரை கார்டு சோதனையோடு நிறுத்திக்கொள்கிறேன். அரால்டைட் இங்கே குளிரில் ஒரு ராத்திரியில் இறுகுமா?

கூடலூர் மழை

இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். ஒரு அட்டைப் பெட்டிக்குள் கட்டையை வைத்து அறுபது வாட் குண்டு பல்பைத் தொடாமல் தொங்க விடுங்கள், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அவசரம் என்று ஐந்து நிமிட வகையை மட்டும் வாங்காதீர்கள், திருகை முடுக்குவதற்குள் கல்லாகிவிடும்.